முனாஹி குடிக்காமல் வைத்த காப்பி

என் தங்கை நுவைரைக் கட்டிய முனாஹியைப் பற்றி யாராவது என் காதுபட நல்ல வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘தங்கமான மனுஷன்’ என்பார்கள். தங்கமாம் தங்கம்! அந்தத் தங்கத்தோடு பத்தொன்பது வருஷமாக ஒரே இடத்தில் மாரடிக்கிறவன் நான். ரியாத் நகரத்தை ஒட்டி ஓடுகிற ஹனீஃபா ஓடைப் பள்ளத்தாக்கில் அவன் நாணல் ஏரிக் காவலாளி. நான் அதே ஏரியைச் சுற்றி பேட்டரி வண்டி ஓட்டுகிறேன். முழங்கால் வலிக்காரர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் ஏற்றி இறக்குவது என் வேலை. அவன் வேலை அதட்டுவது. அவனுக்கு அதட்ட வராது. இவ்வளவுதான் அவன் வாழ்க்கை வரலாறு, மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

புல்லில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது சட்டம். பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. ஜனங்கள் அந்தப் பலகையில்தான் குடையை மாட்டுவார்கள். முனாஹி போய்ப் பக்கத்தில் நிற்பான். தொண்டையைச் செருமுவான். பிறகு சொல்வான்:

“காத்து இந்தப் பக்கமா அடிக்குது பாருங்க. அதோ அந்த சிமென்ட் மேடைல வெச்சா தீ இன்னும் நல்லா பிடிக்கும். வேணும்னா வெறக நான் தூக்கிட்டு வரேன்.”

இதற்குப் பெயர் அதட்டலாம். விறகைத் தூக்கிக்கொண்டு போகிற காவலாளியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

அவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் காப்பியால் வருகிற வினை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஊர் முழுக்க பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். மரத்துக்கு ஒரு கம்பளம், கம்பளத்துக்கு ஒரு கூஜா. காவலாளி பக்கத்தில் வந்தால் அவன் வாயைத் திறக்கும் முன் கையில் ஏலக்காய்க் காப்பி வந்துவிடும். எங்கள் ஊரில் ஒருவன் வீட்டுக் காப்பி தொண்டையில் இறங்கிய பிறகு அவனிடம் சண்டைக்குப் போவது மனுஷத்தனம் இல்லை. போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். முனாஹி ஆட்டுவான். மூத்த மகன் நஹாரின் பெயரால் எல்லோரும் அவனை அபூ நஹார் என்றுதான் கூப்பிடுவார்கள். “என்ன அபூ நஹார், எங்க காப்பி பிடிக்கலையா?” என்று யாராவது முகம் வாடினால் போதும், மறுபடி நீட்டிவிடுவான். பின்நேரத்து அஸர் தொழுகைக்குள் முப்பது கோப்பை. அதற்குப் பிறகு என் வண்டி வேறு எவனுக்கும் கிடைக்காது. அவனை ஏற்றிக்கொண்டு கழிப்பறைக்கும் ஏரிக்கும் பறந்துகொண்டிருப்பேன்.

இந்த ஏரி இருக்கிற இடத்தில் முதலில் பழைய டயர்தான் இருந்தது. டயர், கட்டட இடிபாடு, செத்த ஆடு, மூக்கைப் பொத்தவைக்கும் சாக்கடை. அதை அள்ளுவதற்குத்தான் அவனைக் கூலிக்கு எடுத்தார்கள். இடுப்பளவு சேற்றில் நின்று டயரை இழுத்தவனும் அவன்தான், பிறகு அதே சேற்றில் நாணல் நட்டவனும் அவன்தான். முதல் நீர்க்கோழி இங்கே வந்து இறங்கிய அன்று அவனுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், வந்திருச்சு! கறுப்பா, நெத்தில செவப்போட!” என்றான். குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நான் நர்ஸைத் தேடி ஓடினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. முனாஹி என் வண்டியை நிறுத்தி, காதோடு காதாக, “ஏழு” என்றான்.

“என்ன ஏழு?”

“முட்டை. மூணு கருவேல மரம் இருக்குல்ல, அதுக்கு ரெண்டு எட்டு தள்ளி நாணல்ல. புதுக் கூடு.”

“உன் கோழிக்கு வேற எடமே கெடைக்கலையா?” என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த மூன்று கருவேல மரத்தடி அபூ ஷாஃபியின் இடம். பட்டா இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் ரியாதில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அபூ ஷாஃபி பெரிய கட்டட ஒப்பந்தக்காரர். அவருடைய வாப்பா காலத்திலிருந்து, இங்கே வேலியும் பலகையும் வருவதற்கு முந்தியிலிருந்தே, வெள்ளிக்கிழமை தோறும் அவர் குடும்பம் அங்கேதான் உட்காரும். பெரியவர்களும் பொடிசுகளுமாக நாற்பது பேர். ஒரு ஆட்டை முழுதாக வேகவைக்கிற பானை. போதாததற்குப் பந்து விளையாட்டு. நாணல்தான் கோல்.

முனாஹிக்கு விடிந்தால் அதே நினைப்பு, அடைந்தால் அதே நினைப்பு. வியாழக்கிழமை சிவப்பு நாடா வாங்கிவந்து கருவேல மரத்தைச் சுற்றிக் கட்டினான். கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, ‘இதைத் தாண்டி எவன் வருவான்?’ என்று பெருமையாக என்னைப் பார்த்தான். மறுநாள் அபூ ஷாஃபியின் பிள்ளைகள் அந்த நாடாவை அவிழ்த்து, பெண்கள் பக்கத்துத் திரைச்சீலையை இழுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

அபூ ஷாஃபி முனாஹியைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். “எங்க கயிறு அந்துபோனது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது அபூ நஹார்? நல்ல மனுஷன்யா நீங்க! டேய், இவருக்கு ஊத்து!”

ஊற்றினான். இவன் குடித்தான். அதோடு வாய் அடைத்துவிட்டது. இரண்டு கையிலும் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பி வந்தான்.

“சொல்லிட்டியா?” என்றேன்.

“சொல்ல வாயெடுத்தேன் மச்சான். பழத்த ஊட்டி விட்டுட்டாரு.”

பந்து விளையாட்டு ஆரம்பித்தது. முனாஹி என்ன செய்தான் தெரியுமா? சீருடையோடு, தொப்பியோடு, ஐம்பத்தொரு வயசில், நாணலுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டான். காவலாளி மாமா கோல்கீப்பராக வந்துவிட்டார் என்று பிள்ளைகளுக்கு ஒரே குஷி. இரண்டு மணி நேரம்! வயிற்றில் வாங்கினான், முகத்தில் வாங்கினான், சேற்றில் குப்புற விழுந்து பிடித்தான். அபூ ஷாஃபி கம்பளத்தில் சாய்ந்துகொண்டு, “சபாஷ் அபூ நஹார்!” என்று கை தட்டிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்திவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, சிரித்தேன்.

கடைசியில் ஒரே ஒரு பந்து அவன் கக்கத்துக்குக் கீழே நழுவி உள்ளே போயிற்று. பிள்ளைகள் ‘கோல்!’ என்று கத்தினார்கள். நீர்க்கோழி அலறிக்கொண்டு தண்ணீரில் ஓடியது. முனாஹி நாணலுக்குள் குனிந்தான், அப்படியே குனிந்தபடி இருந்தான். நான் போய்ப் பார்த்தேன். இரண்டு முட்டை உடைந்திருந்தது. ஐந்து மிச்சம். என் சிரிப்பு நின்றுவிட்டது.  கூட்டம் கலைந்து கோழி திரும்பி வந்து கூட்டில் உட்காரும் வரைக்கும் முனாஹி அந்த ஈரத்திலேயே நின்றான்.

அவன் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. எனக்குத் துக்கம் வந்தாலும் ஆத்திரமாகத்தான் வரும், அது என் ராசி.

“வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க? எந்திரிச்சுப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?”

“காப்பிய குடிச்சிட்டனே மச்சான்.”

“அப்ப குடிக்காத! கீழ வை! வெச்சாத்தான் உனக்கெல்லாம் புத்தி வரும்!”

கோபத்தில் சொன்னதுதான். எங்கள் ஆட்களில் ஒருவன் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் தரையில் வைத்தால் அது சின்ன விஷயம் இல்லை. ‘எனக்கு ஒன்று வேண்டும், அதைத் தந்தால்தான் குடிப்பேன்’ என்று அர்த்தம். கோப்பை ஆறுவதற்குள் வீட்டுக்காரன் தந்தாக வேண்டும். தராவிட்டால் அந்த வீட்டு வாசலில் விருந்தாளி காப்பி ஆறிப்போயிற்று என்று ஊர் பேசும். பெண் கேட்பதற்கு வைப்பார்கள். கொலைப் பழியை மன்னிக்கச் சொல்லி வைப்பார்கள். ஆயுசில் ஒரு தடவை, இரண்டு தடவை. என் தங்கையைப் பெண் கேட்டு வந்த அன்றுகூட இவனுடைய வாப்பாதான் வைத்தார், இவன் தன் கோப்பையைக் குடித்துவிட்டு இன்னொன்று வாங்கிக்கொண்டான்.

“கோழிக்காகவா வெக்கறது? சிரிப்பாங்க” என்றான் முனாஹி.

“சிரிக்கட்டும். நான் சிரிக்கலையா?”

அவன் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான். அத்தோடு நானும் மறந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அபூ ஷாஃபி வீட்டுக் கம்பளம் வழக்கத்தைவிட நீளம். வடக்கே ஹாயில் ஊரில் இருந்து ஆறு பேர் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மீசையும் அங்கியுமாகப் பெரிய மனிதர்கள். முனாஹி வந்து என் கையைப் பிடித்தான். 

“மச்சான், பக்கத்துல வந்து ஒக்காரு. தனியாப் போனா மறுபடியும் குடிச்சிருவேன்.”

போய் உட்கார்ந்தோம். அபூ ஷாஃபியின் மூத்த மகன் கூஜாவோடு வந்தான். ஊற்றினான். முனாஹி கோப்பையை வாங்கினான், முகர்ந்தான், பிஸ்மில்லா சொன்னான், கீழே வைத்துவிட்டான்.

பேச்சு நின்றது. பல் குத்திக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். பானையைக் கிளறிக்கொண்டிருந்த சமையல்காரர் கரண்டியைத் தூக்கியபடி பார்த்தார். ஹாயில்காரர்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் அபூ ஷாஃபியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அபூ ஷாஃபி நிமிர்ந்து உட்கார்ந்தார். “குடிங்க அபூ நஹார். நீங்க கேக்க வந்தது கெடச்சாச்சுன்னு வெச்சுக்கங்க.”

முனாஹியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அசைந்தது. அப்போதும் வரவில்லை.

கூச்சப்படுகிறான் என்று நினைத்துவிட்டார் அபூ ஷாஃபி. விருந்தாளிகள் முன்னால் தாராளத்தைக் காட்ட இதைவிட நல்ல நேரம் ஏது? “பையன் விஷயமா? நஹார் ரெண்டு வருஷமா வீட்ல சும்மா இருக்கான்னு கேள்விப்பட்டேன். ஞாயித்துக்கெழம எங்க ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. வேலை ரெடி. குடிங்க!”

“மாஷா அல்லாஹ்!” என்றார்கள் ஹாயில்காரர்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நஹார் என் மருமகன். படித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். என் தங்கை தொழுகை தவறாமல் அழுகிறாள். நான் முனாஹியின் தொடையைக் கிள்ளினேன். “எடுடா கோப்பைய! எடு!”

முனாஹி தலையை ஆட்டினான். இல்லை என்று!

அபூ ஷாஃபியின் முகம் சிவந்தது. போதவில்லையாக்கும் என்று நினைத்துவிட்டார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்துக் கம்பளத்தில் போட்டார். “வெளிய நிக்குதே வெள்ளை பிக்கப், அதையும் எடுத்துக்கங்க. வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணையா திருப்பிக் கேக்க மாட்டேன். குடிங்க!”

நான் அந்த பிக்கப்பைப் போன வாரமே சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். ஆறு மாசம்கூட ஓடாத வண்டி. இந்த முறை கிள்ளவில்லை, குத்தினேன். அந்தப் பாவி மறுபடியும் தலையை ஆட்டினான்.

அபூ ஷாஃபிக்கு வேர்த்துவிட்டது. வேலையும் இல்லை, வண்டியும் இல்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? குரலைத் தாழ்த்தினார். “அப்ப... பொண்ணா?”

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு தட்டு விழுந்து உருண்டது. “வாப்பா! எனக்குத் திங்கக்கெழம பரீட்சை!” என்று ஒரு பெண் குரல் அலறியது. அதைத் தொடர்ந்து அவருடைய மனைவி உம் ஷாஃபியின் குரல்: “மனுஷர வாயத் தொறக்க விடுங்களேன்! நீங்களே கேட்டு நீங்களே ஏலம் விட்டுக்கிட்டு இருந்தா அவரு எப்பத்தான் பேசுவாரு?”

அப்போதுதான் முனாஹிக்குக் குரல் வந்தது. “இந்த எடம்” என்றான்.

“எந்த எடம்? மனையா?”

“நீங்க ஒக்காந்திருக்கற எடம். இன்னிக்கும், இன்னும் ரெண்டு வெள்ளிக்கெழமையும் இத விட்டுத் தள்ளிப் போயிடணும். அந்த நாணல்ல நீர்க்கோழி அடைகாக்குது. அஞ்சு முட்டை இருக்கு.” எச்சில் விழுங்கினான். “ஏழு இருந்துச்சு.”

கூட்டத்தில் யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். அபூ ஷாஃபி அவனைப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு இருமலாக மாறிற்று.

“கோழிக்கா?” என்றார் அபூ ஷாஃபி.

“கோழிக்குத்தான்.”

“யோவ், நான் என் பொண்ணையே தரேன்னேன்!”

“காதுல விழுந்துச்சு. அவங்களுக்கு அல்லாஹ் நல்ல எடமா குடுப்பான்.”

“இது எங்க வாப்பா ஒக்காந்த எடம். இந்த வேர்ல தல வெச்சுத்தான் அவரு கடைசி வரைக்கும் படுப்பாரு. இத விட்டு ஒரு நாளும் நாங்க...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. முனாஹி பார்வையைக் கீழே போட்டுக்கொண்டான். ஆனால் கை மட்டும் கோப்பை பக்கம் போகவில்லை.  இவ்வளவுக்கும் பிறகு அவர் மாட்டேன் என்றுவிட்டால் கோழியும் போச்சு, வேலையும் போச்சு, பிக்கப்பும் போச்சு.

ஹாயில்காரர்களில் வயசானவர் பேரீச்சங்கொட்டையைத் தட்டில் துப்பிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “அபூ ஷாஃபி, காப்பி ஆறுது.”

அபூ ஷாஃபி எழுந்து நின்றார். “குடிங்க. தந்தாச்சு.”

முனாஹி ஒரே மடக்கில் குடித்தான்.

பிறகு நடந்த கூத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். நாற்பது பேர் இடம் பெயர்கிறார்கள். கம்பளத்தைச் சுருட்டினால் உள்ளே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது. அரை வேக்காட்டில் ஆடு. அந்தப் பானையை என் வண்டியில் ஏற்றி, முன்சீட்டில் உட்காரவைத்து, கவிழாமல் இருக்க இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்நேரத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் காலி இடம் ஏது? கார் நிறுத்துகிற இடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு பொட்டல்தான் கிடைத்தது. ஹாயில் விருந்தாளிகள் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஸலாம் சொல்லிக்கொண்டு போனான். அபூ ஷாஃபி ஒவ்வொருத்தனுக்கும் எழுந்து நின்று பதில் சொன்னார்.

திரும்பும்போது வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

“நீயெல்லாம் ஒரு தகப்பனா? வாசல் தேடி வந்த வேலைய எட்டி ஒதச்சிட்டு வந்திருக்கியே! வேலைய வாங்கிக்கிட்டு, அடுத்த வாரம் போயி கோழியப் பேசியிருக்கக் கூடாதா?”

“ஒரு கோப்பைக்கு ஒண்ணுதான் மச்சான் கேக்க முடியும்.”

“அந்த ஒண்ணு உன் மகனா இருக்கக் கூடாதா?”

அவன் நாணல் பக்கம் திரும்பிப் பார்த்தான். “நஹாருக்கு வாய் இருக்கு. அவன் போய்க் கேக்கலாம். அதுக்கு யாரு கேப்பா?”

 நான் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

வீட்டில் நுவைர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வாயே திறக்காமல் மறுநாள் காலையில் அவன் முன்னால் மூன்று அவித்த முட்டையை வைத்தாள். மத்தியானம் முட்டைக் குழம்பு. ராத்திரி தக்காளி போட்டு முட்டை. ஞாயிற்றுக்கிழமையும் முட்டை, திங்கட்கிழமையும் முட்டை. என் வீட்டுக்கு வந்து, “ஒரு வாய் சோறு போடு மச்சான்” என்று கெஞ்சினான். என் மனைவி இரக்கப்பட்டாள், நான் படவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கதை ரியாத் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது அபூ ஷாஃபியேதான். ஆனால் அவர் வாயில் அது வேறு கதையாகிவிட்டது: ‘என் இடத்தில் ஒரு கர்ப்பிணி அடைக்கலம் கேட்டு வந்திருக்கிறாள், அவளுக்காக நான் என் வாப்பா உட்கார்ந்த மரத்தடியையே விட்டுக் கொடுத்தேன்.’ அடைக்கலம் என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் உயிரைக் கொடுப்பார்கள். இரண்டு வாரம் முன்னால் பந்தால் கூட்டை உடைத்த அதே பிள்ளைகள் இந்த வாரம் கையில் குச்சியோடு கருவேல மரத்தைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். சைக்கிள்காரனை விரட்டினார்கள். புறாவை விரட்டினார்கள். படம் பிடிக்க வந்த ஒரு காதல் ஜோடியை விரட்டினார்கள். முனாஹி கூட்டைப் பார்க்கப் போனான்.

“யாருக்கும் அனுமதி இல்ல மாமா” என்று ஒரு பொடியன் குச்சியை நீட்டினான்.

“நான்தாம்ப்பா காவலாளி.”

“வாப்பாட்ட கேட்டுட்டு வரேன். அது வரைக்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க.”

முனாஹி நின்றான்! நான் வண்டியின் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அபூ ஷாஃபி கழிப்பறைப் பக்கத்திலிருந்து கையசைத்த பிறகுதான் அவனை உள்ளே விட்டார்கள். ஐந்து முட்டையும் பத்திரமாக இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நுவைர் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, வண்டிய எடு. எம் மகன் வேலைய முழுங்குன கோழிய நான் கண்ணால பாக்கணும்.”

அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இன்று பள்ளத்தாக்கில் ஏதோ ஒன்று சாகப் போகிறது என்று. அது கோழியா என் மைத்துனனா என்பதுதான் கேள்வி. வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

நாங்கள் போனபோது ஏரிக்கரையில் ஒரு சத்தம் இல்லை. நாற்பது பேரும் பொட்டலை விட்டு வந்து எதிர்க் கரையில் குந்தியிருந்தார்கள். அபூ ஷாஃபி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நாணல் விலகியது. நீர்க்கோழி தலையை ஆட்டி ஆட்டி வெளியே வந்தது. பின்னால் கறுப்பாக, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பஞ்சு. இன்னொன்று. மூன்றாவது. நான்காவது.

“நாலு” என்றான் முனாஹி. மூச்சே விடவில்லை அவன். “ஒண்ணு வரல.”

நுவைர் கரையில் இறங்கி அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பேச வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஐந்தாவது குஞ்சு வந்தது. அது மற்றதைப் போல நீந்தவில்லை. ஒரு நாணல் தண்டில் மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றியது. தாய்க்கோழி திரும்பிப் பார்க்காமல் நாலோடு போய்க்கொண்டிருந்தது.

“ஏய்!” என்று நுவைர் கத்தினாள். ஏரியே அதிர்ந்தது. “எங்க போற? கடைசிப் பிள்ளைய விட்டுட்டு எங்கடி போற? திரும்பிப் பாரு!”

நாற்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். கோழிகூட நின்றது என்றால் நம்புவீர்களா? அவள் கத்தியதற்காக நின்றதோ, வேறு எதற்காக நின்றதோ, தலையைத் திருப்பி ஒரு குரல் கொடுத்தது. குஞ்சு உதறிக்கொண்டு தண்டிலிருந்து விடுபட்டு, பின்பக்கம் முன்பக்கம் தெரியாமல் நீந்திப் போய் ஒட்டிக்கொண்டது. என் தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம்தான் நான் பார்ப்பதைக் கவனித்து, “தூசி” என்றாள். தண்ணீருக்கு நடுவில் என்ன தூசி?

அபூ ஷாஃபி வெறுங்காலோடு கரையைச் சுற்றி வந்தார். நுவைரைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்தார்.

“உம் நஹார், அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் கோப்பைய வெச்சப்போ நான் ஒரு வேலை சொன்னேன். அவரு ஏத்துக்கல. ஆனா நான் சொன்ன சொல்லு சொல்லுதான். ஞாயித்துக்கெழம நஹார வரச் சொல்லுங்க.”

நான் வானத்தைப் பார்த்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். இரண்டு வருஷமாக அவள் அழுதது இதற்குத்தானே? ஒரு ‘சரி’ சொன்னால் போதும். முனாஹி அவளையே பார்த்தான்.  இதில் வாயைத் திறக்க அவனுக்கு உரிமை இல்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

நுவைர் தலைத்துணியை இழுத்துச் சரிசெய்தாள். முகத்தை நிமிர்த்தினாள்.

“உங்க வீட்டுக் காப்பிக்கு எங்க வீட்டுக்காரர் கேட்டது கெடச்சிருச்சு அபூ ஷாஃபி. அஞ்சும் வெளிய வந்திருச்சு. ஒரு கோப்பைக்கு ரெண்டு வாங்கற குடும்பம் இல்ல நாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “எம் மகனுக்கு வாய் இருக்கு. வேணும்னா அவன் வந்து கேப்பான்” என்றாள்.

நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

முனாஹி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. 

“என்ன பாக்கறீங்க? அங்க பாருங்க, மறுபடியும் அந்தக் கடைசிக் குட்டி பின்தங்குது” என்றாள் அவள். இரண்டு பேரும் கரையோரமாக அதன் பின்னால் நடந்து போனார்கள்.